சும்மாதானே நிக்குது

சஃபியாவுக்கு இருபத்தொன்பது வயது. அவளிடம் பாடம் கேட்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தேழு. அதில் இரண்டு பேருக்கும் சங்கடமில்லை. பழவேற்காடு ஏரியில் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

அவரிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருந்தது. ஓர் ஆசையும் இருந்தது. மறைகிற சூரியனுக்குக் குறுக்கே பூநாரைக் கூட்டம் பறக்க வேண்டும். அந்த ஒரு படத்துக்காக ஒன்பது சனிக்கிழமை வந்துவிட்டார். கண்காட்சிக்குப் படம் அனுப்ப நாளை கடைசி நாள்.

இது பத்தாவது சனிக்கிழமை.

படகு நின்றது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே நிறம். நடுவில் முந்நூறு பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு நின்றன. நேர் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கனவுக்குள் யாரோ படகை விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

ஒன்றுகூடப் பறக்கவில்லை.

படகோட்டி தேசப்பன் கழியைக் கீழே வைத்தார். "கை தட்டவா சார்? ஒரே தட்டு, மொத்தமும் எழும்பிடும். வர்றவங்க எல்லாம் அதான் கேப்பாங்க."

தணிகாசலம் சஃபியாவைப் பார்த்தார். "தட்டட்டுமா மேடம்?"

"எதுக்கு சார்?"

"சும்மாதானே நிக்குது. ஒரு சுத்து சுத்திட்டு வந்து திரும்ப நிக்கட்டுமே."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "மத்தியானமே நீங்க சாப்பிடல. முதல்ல சாப்பிடுங்க. சூரியன் விழ இன்னும் நேரம் இருக்கு."

பசி உண்மைதான். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார். முதல் கவளம் வாய்க்கிட்டே போனது.

"சார், எழுந்திருங்க" என்றாள் சஃபியா, மெதுவாக.

பாம்போ என்னவோ என்று எழுந்தார். படகு ஆடியது. "என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. உட்காருங்க."

இரண்டாவது கவளம். "சார், எழுந்திருங்க."

எழுந்தார். கவளத்தில் பாதி தண்ணீரில் விழுந்தது. தேசப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்றாவது முறை அவர் எழவில்லை. பறவைகள் மிரளக் கூடாதே என்று கிசுகிசுப்பாகவே கத்தினார். "என்ன மேடம் விளையாட்டு இது?"

"சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க."

"சாப்பிட்டுட்டு இருக்கேன்!"

"அப்படியா? இங்கேருந்து பார்த்தா தெரியல."

அவர் பூநாரைகளைப் பார்த்தார். ஓர் அலகு சேற்றோடு வெளியே வந்து, சொட்டி, மறுபடி உள்ளே போனது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"சார், சூரியன் போயிடும். தட்டவா?" என்றார் தேசப்பன்.

தணிகாசலம் தன் கேமராவைப் பார்த்தார்.

"வேணாம்பா."

பிறகு தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். கண்காட்சி போனது போனதுதான். சூரியன் தண்ணீரைத் தொட்டது.

அப்போது நனைந்த போர்வையை உதறுவது போல ஒரு சத்தம். நிமிர்ந்தார். முந்நூறும் எழுந்துவிட்டன. இறக்கைகளின் உள்பக்கச் சிவப்பு, ஓரத்துக் கறுப்பு, நடுவில் அந்த முழுச் சூரியன். ஒன்பது சனிக்கிழமையும் கண்ணை மூடினால் தெரிந்த அதே படம். கேமரா மடியில் இருந்தது. பட்டன் வலது பக்கம். வலது கை முழுக்கப் புளி. துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. வாயில் சோறு இருந்தது, அதையும் மென்று முடிக்கவில்லை.

கூட்டம் சின்னதாகி, கோடாகி, இல்லாமல் போனது. ஏரி மறுபடி அசையாமல் கிடந்தது. பொட்டலத்தில் பாதிச் சோறு மிச்சம்.

பொட்டலத்தை மடித்துக்கொண்டே தணிகாசலம் கேட்டார். "யாருமே தட்டலையே மேடம். எப்படிப் பறந்துச்சு?"

"சாப்பிட்டு முடிச்சிருக்கும்" என்றாள் சஃபியா.