மூடி திறக்காத கோழி வறுவல்

முருங்கைக்கீரை ஒரு கட்டு மடியில் கிடக்கிறது. இதை ஆய்ந்து முடிப்பதற்குள் சொல்லிவிடுகிற கதைதான். இலை பொடிசு, அதனால் அவசரம் இல்லை.

சுண்டைக்காமேடு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். "கொஞ்சம் நில்லுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வந்து "சரி, போ" என்று சொல்கிற வரைக்கும் நிற்பார்கள். மழை வந்தாலும் நிற்பார்கள். அப்படிப்பட்ட நல்ல ஜனங்கள்.

அந்த ஊரில் மாதையன் என்று ஒருத்தன். அவனுக்குப் பச்சியப்பன், சின்னப்பையன் என்று இரண்டு தம்பிகள். வீட்டில் இருந்த ஒரே பெண்பிள்ளை மாதையன் பெண்டாட்டி செண்பகம். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் மாதையன் போய்ப் பார்த்தான். பிள்ளை அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. அந்த விரலை அவன் ஒரு வாரம் வரைக்கும் மடக்கவே இல்லை.

அனுப்புங்கள் என்று கேட்டால் மாமனார் தீர்த்தகிரி அசைந்து கொடுக்கவில்லை.

"அங்க பொம்பளைத் துணை ஒண்ணு கெடையாது. அடுப்புப் பத்த வைக்கத் தெரியாத மூணு ஆம்பளைங்க. எம்பொண்ணு புள்ளையைப் பார்ப்பாளா, உங்களுக்கு ஆக்கிப் போடுவாளா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன் மாப்ள. உங்க கையால கோழி வறுத்து என் இலையில வைங்க. வச்சா பொண்ணையும் பேரனையும் அனுப்பறேன். இல்லன்னா ஆடி கழிச்சுப் பார்த்துக்கலாம்."

ஆடி கழிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. மாதையன் தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கறி வாங்கி வந்து, செண்பகத்துக்குப் போன் போட்டான். அவள் சொல்லச் சொல்லப் பச்சியப்பன் காலண்டர் தாளின் பின்னால் எழுதினான். ஐந்தாவது வரைக்கும் படித்தவன் அவன்தான்.

"கறியைக் கழுவி ஈரமே இல்லாம தொடைச்சிடுங்க. இல்லன்னா எண்ணெய் தெறிக்கும். மஞ்சத்தூள், மொளகாத்தூள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுப் பெசறி வைங்க. சட்டி நல்லா காயணும். ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சா அது துள்ளி ஓடணும், அப்பத்தான் எண்ணெய் ஊத்தணும். கறியைப் போட்டு ஒவ்வொரு பக்கமும் அஞ்சு நிமிஷம் சிம்ல வைங்க. அப்புறம் ஒரு கை தண்ணி தெளிச்சு மூடிட்டு, பத்து நிமிஷத்துல அடுப்பை அணைச்சிடுங்க. ஆனா மூடியை மட்டும் நான் சொல்ற வரைக்கும் தொறக்காதீங்க. ஆவியிலயே மெத்துன்னு ஆயிடும். ஐயோ, புள்ள சிணுங்கறான். தூங்க வச்சிட்டு நானே கூப்பிடறேன். நீங்க கூப்பிட்டுடாதீங்க, மணி அடிச்சா முழிச்சுக்குவான்."

போன் நின்றது. மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள்.

முதலில் ஈரம் துடைக்கிற வேலை. மாதையன் ஒரு துண்டை எடுத்துக் கறியைத் துடைத்தான். கறி காய்ந்தது. ஆனால் துண்டு ஈரமாகிவிட்டது.

"அண்ணா, ஈரத் துண்டால தொடைச்சா கறியில திரும்ப ஈரம் ஏறுமே" என்றான் சின்னப்பையன்.

"அப்ப துண்டைத் தொடை."

துண்டை லுங்கியால் துடைத்தார்கள். லுங்கியை வேட்டியால் துடைத்தார்கள். வேட்டியைப் போர்வையால் துடைத்தார்கள். கடைசியில் வீட்டில் காய்ந்த துணி என்று மாதையனின் கல்யாணப் பட்டுவேட்டி ஒன்றுதான் மிஞ்சியது. மாமனார் வரும்போது நனைந்த லுங்கியோடு நிற்பது மரியாதை இல்லை என்று அதை அவன் எடுத்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். கொடியில் பதினோரு துணி தொங்கியது. எல்லாவற்றிலும் கோழி வாசம்.

மசாலா பிசறி முடித்து, இரும்புச் சட்டியைக் காயவைத்தார்கள். மாதையன் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். சொட்டு 'சுர்ர்' என்று துள்ளியது. அப்புறம் காணோம்.

"துள்ளுச்சு. நான் பார்த்தேன்" என்றான் பச்சியப்பன்.

"ஓடுச்சா?"

"அதை நான் பார்க்கல."

"அண்ணி துள்ளி ஓடணும்னுதானே சொன்னாங்க? பாதியை மட்டும் நம்பி எண்ணெய் ஊத்தக் கூடாது" என்றான் சின்னப்பையன்.

மாதையனுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஓடுகிற எதுவும் வாசல் வழியாகத்தான் ஓடவேண்டும். சின்னப்பையனை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு இன்னொரு சொட்டு தெளித்தான்.

"வந்துச்சாடா?"

"வரலண்ணா."

ஏழு சொட்டு தெளித்தார்கள். சித்திரை வெயில் வாசலில் காய்ந்தது. சின்னப்பையன் குனிந்து குனிந்து பார்த்ததில் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை சொட்டென்று படியில் விழுந்தது.

"வந்துடுச்சு! இதோ படியில கெடக்கு!"

பச்சியப்பன் வந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "நம்ம சொட்டுதான். சட்டியில போயிட்டு வந்ததால கொஞ்சம் உப்புக் கரிக்குது."

எண்ணெய் ஊற்றினார்கள். கறியைப் போட்டார்கள். சடசடவென்று சத்தம் கேட்டதும் மாதையனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிள்ளையே வீட்டுக்குள் தவழ்கிற மாதிரி இருந்தது. அப்போது சின்னப்பையன் கேட்டான்:

"ஒவ்வொரு பக்கமும் அஞ்சு நிமிஷம் சரி. ஒரு துண்டுக்கு எத்தனை பக்கம்?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு" என்றான் மாதையன்.

பச்சியப்பன் தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். "இதை எண்ணுங்க. ஆறு. கறித்துண்டு தீப்பெட்டியை விடப் பெருசு. பெருசுக்கு எப்படிப் பக்கம் குறையும்?"

எண்ணினார்கள். நெஞ்சுத்துண்டுக்கு ஆறு. தொடைக்கு எலும்பு நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தையும் சேர்த்து ஏழு. கழுத்துக்கு எண்ண எண்ண மாறிக்கொண்டே இருந்தது, ஒன்பதில் நிறுத்திக்கொண்டார்கள். கால்துண்டை எடுத்துப் பார்த்தால் உருண்டையாக இருந்தது.

"இதுக்குப் பக்கமே இல்ல" என்றான் சின்னப்பையன். "பக்கம் இல்லாததை எப்படி வேக வைக்கிறது? பச்சையாவே வச்சிடலாமா?"

"கால்தான் மாமனாருக்கு வைக்கிற துண்டு" என்றான் மாதையன்.

கடைசியில், கால்துண்டை மட்டும் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருப்பது என்று முடிவானது. அந்த வேலை சின்னப்பையனுக்கு. செங்குத்தாக நிற்காத துண்டுகளைப் பச்சியப்பன் இடுக்கியால் பிடித்துக்கொண்டான். எந்தப் பக்கம் வெந்தது என்று மறந்து போகாமலிருக்க, வெந்த பக்கத்துக்கு மாதையன் குங்குமப் பொட்டு வைத்தான். கொஞ்ச நேரத்தில் சட்டி முழுக்கப் பொட்டு வைத்த துண்டுகள், கோவிலுக்குக் கிளம்பின மாதிரி.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இத்தனை பக்கமும் சிம்மில் இப்படிப் பொறுமையாகச் சிவந்த கோழி அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது. வாசனை மூன்று தெரு தாண்டிப் போனது. தண்ணீர் தெளித்து மூடினார்கள். பத்து நிமிஷத்தில் அடுப்பை அணைத்தார்கள். மூடியைச் சுற்றி உட்கார்ந்து செண்பகத்தின் போனுக்காகக் காத்திருந்தார்கள்.

போன் வரவில்லை. பிள்ளையைத் தூங்க வைக்கப் படுத்தவள், இரவெல்லாம் விழித்த அசதியில் தானும் தூங்கிப்போனாள். யாரைக் குறை சொல்வது?

மாமனார் வந்துவிட்டார். வாசனை அவரைப் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே பிடித்து இழுத்து வந்திருந்தது. பட்டுவேட்டியில் நின்ற மருமகனைப் பார்த்து, "என்ன மாப்ள, விசேஷமா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் இலைமுன்னால் உட்கார்ந்தார். சோறு வந்தது. சோறு மட்டும் சின்னப்பையனுக்கு வடிக்கத் தெரியும்.

"கோழி?"

"வெந்துடுச்சு மாமா. தொறக்கத்தான் உத்தரவு வரல."

"யார் உத்தரவு?"

"உங்க பொண்ணு. அவ சொல்ற வரைக்கும் மூடியைத் தொறக்கக் கூடாது."

"அட, நான் தொறக்கறேன், தள்ளுங்கய்யா!"

மாமனார் எழுந்தார். மூன்று பேரும் சட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார்கள். பச்சியப்பன் காலண்டர் தாளைத் தூக்கிக் காட்டினான். "எழுதியிருக்குங்க மாமா."

தீர்த்தகிரி தன் போனை எடுத்தார். பேரன் தூங்குகிற நேரம் என்று ஞாபகம் வந்தது. பையிலேயே போட்டுக்கொண்டார்.

"மாமா, என் இலையில வைங்கன்னுதானே சொன்னீங்க?" என்ற மாதையன், சட்டியை மூடியோடு தூக்கி இலையின் நடுவில் வைத்தான். இலை சுருங்கியது.

மாமனார் சட்டியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் நூலாக ஆவி வந்தது. பசி பொறுக்கவில்லை. அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டுத் துண்டு கேட்டார். கொடியில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அதையும் முகர்ந்து பார்த்தார்.

அப்புறம் பெருமூச்சு விட்டார். "மாப்ள, எம்பொண்ணு வரலன்னா இந்தக் கோழி இந்த ஜென்மத்துல வெளியில வராது. மூடி தொறக்கவாவது இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வேணும். இப்பவே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

அவர் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், போன் அடித்தது. செண்பகம்!

மாதையன் பாய்ந்து போனைக் கையில் தூக்கினான். பச்சியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்காதண்ணா! எடுத்தா என்ன சொல்லுவாங்க?"

"தொறங்கன்னு சொல்லுவா."

"சொன்னா தொறக்கணும். தொறந்துட்டா அப்புறம் அண்ணி எதுக்கு வரணும்?"

மாதையனுக்கு வேர்த்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆபத்து கையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. காதில் விழுந்தாலே எடுத்துவிடுவோம் என்று பயந்து, போனை ஒரு பால் சட்டியில் போட்டு, அதையும் மூடிபோட்டு மூடி, கோழிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இந்த மூடியை எப்ப தொறக்கறதுண்ணா?" என்றான் சின்னப்பையன்.

"உங்க அண்ணி சொன்னப்புறம்."

"அவங்க எதுல சொல்லுவாங்க?"

மாதையன் பால் சட்டியைக் காட்டினான். "அதுலதான்."

மூன்று பேருக்கும் திருப்தி. இரண்டு சட்டிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பால் சட்டி விடாமல் அதிர்ந்தது. மூடி தடதடவென்று ஆடியது. சின்னப்பையன் மெல்லக் குனிந்து அதில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, நல்லா கொதிக்குதுண்ணா, இன்னும் ஒரு பக்கம் திருப்பிப் போட்டா" — ஆங் அத்தை? கொழாயில தண்ணி வந்துடுச்சா? இதோ, கொடத்த எடுத்துக்கிட்டு வர்றேன். மிச்சக் கதை அப்புறம்!