ஹிள்று ஆலிம் பதவியை விட்ட கதை

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ஆழிப்பட்டினத்தில் ஹிள்று முகம்மது ஆலிம் என்று ஒருவர். பதினெட்டு வருஷம் மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர். அந்தத் தொகுதியில் அடுத்தடுத்து ஜெயித்த இரண்டு எம்.எல்.ஏ.க்கள் ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வெறுத்துப்போன ஜமாஅத்தார் ஆலிமைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள். மேடைக்கு மேடை அவர் இரண்டு வாக்குக் கொடுத்தார். ஆளுங்கட்சியை ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன் என்பது ஒன்று. பக்கத்து மணல்துறையில், கடலுக்குள் பாறாங்கல் கொட்டி அலையை அடக்கும் தூண்டில் வளைவு கட்ட வைப்பேன் என்பது மற்றது. மணல்துறை மீனவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள். அந்த வாக்கை நம்பி ஒருவர் பாக்கியில்லாமல் ஓட்டுப் போட்டார்கள்.

ஜெயித்த ஆலிம் இரண்டு வருஷம் சட்டசபையில் கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை. அந்த ஐப்பசியில் கரையேற வந்த வள்ளம் ஒன்றை அலை தூக்கி அடித்ததில் மிக்கேல் என்ற மீனவர் இறந்துபோனார். ஆலிம் அமைச்சரைப் போய்ப் பார்த்தார். அமைச்சர் மரியாதையாகவே பேசினார். எங்களை ஆதரித்து ஓர் அறிக்கை விடுங்கள், அடுத்த வாரமே ஆணை வரும் என்றார்.

ஜமாஅத் தலைவர் லெப்பைத்தம்பி ஹாஜியாரிடம் ஆலிம் எதையும் மறைக்கவில்லை. ஹாஜியார் ஒப்பவில்லை. முந்தின இரண்டு பேரும் இப்படி ஒரு நல்ல காரணம் சொல்லித்தான் போனார்கள், மூன்று வருஷம் பொறுத்தால் ஆட்சியே மாறலாம் என்றார்.

மறுநாள் மிக்கேலின் மனைவி சவேரியம்மாள் வந்தாள்.

“நீங்க எந்தப் பக்கம் இருந்தா எங்களுக்கென்ன ஆலிம்ஷா? எம் மவனுவ ரெண்டு பேரும் நாளைக்குக் கடலுக்குப் போறானுவ. மூணு வருஷம் பொறுன்னு கடல்கிட்ட யாரு போய்ச் சொல்ல?”

நாலாம் நாள் ஆலிம் சென்னைக்குப் போய், யாரையும் கேட்காமல் பதவியை ராஜினாமா செய்தார். இடைத்தேர்தல் என்றால் ஓட்டுக்காக அரசாங்கம் ஆணையோடு தானாக ஓடிவரும் என்பது அவர் நினைப்பு.

அப்படியே நடந்தது. தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே ஆணை வந்தது. மணல்துறையில் பாறாங்கல் லாரிகள் வரிசைகட்டி நின்றன. தான் மறுபடி ஜெயித்தால் வேலை பாதியில் நின்றுவிடும் என்று பயந்து ஆலிம் போட்டியிடவில்லை. ஆளுங்கட்சிக்காரர் ஜெயித்தார்.

ஹாஜியார் ஒரு கேள்விதான் கேட்டார். “அஞ்சு வருஷத்துக்குத்தானே உங்களை அனுப்பினோம். மிச்ச மூணு வருஷத்தை எங்களைக் கேக்காம எப்படி விட்டுக் கொடுத்தீங்க?”

சொன்ன சொல்லில் நில்லுங்கள் என்றார் ஹாஜியார். உயிரைப் பாருங்கள் என்றாள் சவேரியம்மாள். இரண்டையும் காப்பாற்றப் பதவியை விட்டார் ஆலிம். இவர்களில் யார் பக்கம் நியாயம்?

என்னைக் கேட்டால், ஆலிம் பக்கம்தான். மற்ற இரண்டு வழியிலும் அவர் எம்.எல்.ஏ.வாகவே இருந்திருப்பார், இழப்பு வேறு யாருக்காவது போயிருக்கும். ஆனால் ஹாஜியார் கேட்டதிலும் தப்பில்லை. அந்தப் பதவி ஆலிமுக்கு மட்டும் சொந்தமானதல்ல. லாரிகள் வராமலே போயிருக்கவும் கூடும். ஹாஜியார் கேட்டதில் இருந்த நியாயம் ஆலிமுக்கும் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தார் முன்னால் எழுந்து நின்று, உங்களைக் கேட்காமல் செய்தது என் குற்றம் என்று மன்னிப்புக் கேட்டார். அவர் ராஜினாமா செய்தது சரி. மன்னிப்புக் கேட்டதும் சரி.