தீர்ந்துபோன கல்

மனைவி விக்டோரியா இறந்த பிறகு சவரிராயனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியை நப்பின்னை அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

பழைய பவளப் பாறையைச் சுரண்டிப் பொடியாக்க வேண்டும். பொடியைச் சிறு குப்பிகளில் போட்டு அமிலம் விட்டால் வாயு பொங்கி வரும். நிறை நிறமாலைமானி என்ற எந்திரம் அந்த வாயுவை இழுத்து, அதில் கனமான ஆக்சிஜன் அணு எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று விகிதம் சொல்லும். பவளம் வளர்ந்த காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பது அந்த விகிதத்தில் இருக்கிறது.

அறையில் எந்திரத்தின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. சவரிராயனுக்கு அது பிடித்திருந்தது. மற்ற மாணவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

எந்திரத்தில் ஏற்றும் ஒவ்வொரு தட்டிலும் பவளக் குப்பிகளுக்கு நடுவே, விகிதம் ஏற்கெனவே தெரிந்த பளிங்குக்கல் பொடியையும் வைக்கச் சொல்லியிருந்தார் நப்பின்னை. தெரிந்ததையே எதற்குத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும் என்று சவரிராயனுக்குத் தோன்றியது. ஒருநாள் பளிங்கை விட்டுவிட்டுத் தட்டு முழுவதும் பவளத்தையே நிரப்பினார்.

எண்கள் வந்தன. நப்பின்னை பார்த்துவிட்டு, இவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். எந்திரம் நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும். தெரிந்த கல் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் மற்றது அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். திரும்ப அளக்கலாம் என்றால், பாறையின் அந்தப் பகுதியில் சுரண்ட இனி எதுவும் மிச்சமில்லை. நப்பின்னை கடிந்துகொள்ளவில்லை.

சவரிராயன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேசையில் போன் அதிர்ந்தது. கோவையிலிருந்து மகள். அதைக் கவிழ்த்து வைத்தார்.

"எடுக்கலையா சார்?"

"அப்புறம் பேசிக்கறேன் மேடம்."

பிறகு அவரே சொன்னார்.

"அவ பேசினா அவங்கம்மா பேசற மாதிரியே இருக்கு. கேக்க முடியலை."

போன் அதிர்ந்து ஓய்ந்தது.

பேச்சை மாற்ற நினைத்தவர்போலச் சவரிராயன் வேறொன்றைக் கேட்டார். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே ஒரு மூலக்கல்லின் பெயர் வருகிறதே, எல்லா எண்ணும் அதிலிருந்துதானே கணக்கு, அந்தக் கல்லை ஒரு தடவை பார்க்கலாமா என்றார்.

நப்பின்னை அலமாரியைத் திறந்து, ஒரு குப்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சவரிராயன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காலியா இருக்கே மேடம்."

"அந்தக் கல் இப்ப எங்கேயும் இல்லை சார். அளந்து அளந்தே தீர்ந்துபோச்சு."

"அப்ப ஆராய்ச்சி பண்ற இத்தனை பேரும் இல்லாத ஒண்ணுலேர்ந்தா கணக்குப் போடறாங்க?"

"ஆமா."

சவரிராயன் குப்பியைக் கீழே வைக்கவில்லை.

"அது எப்படி முடியும்?" என்றார்.

தட்டில் வைக்காமல் விட்ட பளிங்குப் பொடியை எடுத்து, கவிழ்ந்து கிடந்த போனுக்குப் பக்கத்தில் வைத்தார் நப்பின்னை.

"அது தீர்றதுக்கு முன்னாடியே, பக்கத்துல வேற கல்லை வச்சு அளந்துக்கிட்டாங்க. அந்த வழியில வந்தது இது. அதைப் பத்தி இனிமே இதுகிட்டதான் கேக்கணும் சார்."