பூங்கா வாசலில் ஒரு கருங்கல்

இருதயராஜுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய குருவான மரகதவல்லிக்கு நாற்பத்திரண்டு. குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "டீச்சர்" என்பார். அவர்கள் இருவருக்கும் அதில் கஷ்டம் இல்லை என்றால் நமக்கு என்ன வந்தது?

மரகதவல்லி அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகர். அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் என்பதால் 'டீச்சர்' ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த இருதயராஜ் மாத்திரை வாங்கத்தான் அங்கே போனார். டாக்டர் அவரை டீச்சரிடம் அனுப்பினார். மாத்திரைக்குப் போனவர் சீடராகத் திரும்பினார். டீச்சர் குறைவாகப் பேசுவார். வாழ்நாள் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்து தேய்ந்த மனிதருக்கு அதுவே பாதி வைத்தியம்.

இருதயராஜ் சாதாரணப்பட்ட பொறியாளர் இல்லை. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக நகரத்தின் தென்கோடியில் பன்னிரண்டு கட்டடங்கள் எழுப்பியவர். ஒவ்வொன்றும் எட்டு மாடி. இருபது வருடத்தில் ஒரு விரிசல் கிடையாது, ஓர் ஒழுகல் கிடையாது. அதைச் சொல்லும்போதே அவர் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும்.

ஒருநாள் டீச்சர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர்களிடம் எந்தப் பகுதி என்று பேச்சுக் கொடுத்தார். முக்கால்வாசிப் பேர் அவர் கட்டிய கட்டடத்தில் இருந்து வந்தவர்கள். ஒருத்திக்குத் தலைபாரம். ஒருவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். இன்னொருத்தி எதற்கென்று தெரியாமலே அழுகிறாள். இருதயராஜுக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் அன்றோடு போயிற்று.

ஆகவே, கட்டடங்களுக்கு நடுவில் முள்ளும் குப்பையுமாகக் கிடந்த திடலைப் பூங்காவாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சம்பளம் வேண்டாம் என்று சொல்லி வரைபடத்தோடு போய் நின்றார். குடியிருப்பு வாரியம் ஒப்புக்கொண்டது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டது. எட்டு மாதம் பார்ப்பார்கள். ஜனங்கள் வரவில்லையென்றால் பூங்காவை எடுத்துவிட்டு அங்கே பதின்மூன்றாவது கட்டடம் எழும்பும்.

பூங்கா அமைந்தது. புல்வெளி, நீரூற்று, எட்டு வடிவத்தில் நடக்கக் கூழாங்கல் பாதை, சுற்றிலும் பச்சைக் கம்பிவேலி. ஏற்கெனவே நின்ற நான்கு பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் ஒரு கிளையைக்கூட அவர் வெட்டவிடவில்லை. வாசலில் கருங்கல் ஒன்று நிறுத்தி, 'வடிவமைப்பு: பொறியாளர் ச. இருதயராஜ்' என்று செதுக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு பலகை. சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது என்று பதினான்கு 'கூடாது' அதில் இருந்தன. காலை ஆறு முதல் எட்டு, மாலை ஐந்து முதல் ஏழு. மற்ற நேரம் பூட்டு.

ஆறு மாதம் ஓடிவிட்டது. தினம் தவறாமல் வந்தவர் ஒரே ஒருவர், காவல்காரர். அவரும் சம்பளத்துக்கு வந்தவர்.

இருதயராஜ் டீச்சரிடம் போனார்.

"என் பூங்காவுல என்ன குறை, டீச்சர்?"

மரகதவல்லி மேசைக்கு அடியிலிருந்து பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு எனக்கு ஒரு குடம் தண்ணி வேணும் சார். நீங்க கட்டின குடியிருப்புக்குத் தண்ணி லாரி வருதாமே, அதுல பிடிச்சுட்டு வாங்க."

"எங்க வீட்டுலயே நல்ல தண்ணி வருது டீச்சர். கேன்ல கொண்டுவரேன்."

"லாரித் தண்ணிதான் வேணும்."

குருவிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பயனில்லை என்பது அவருக்கு அதற்குள் பழகியிருந்தது. மறுநாள் பத்து மணிக்குக் குடத்தோடு போனார். லாரி பதினொன்றுக்கு வரும். பூங்கா வேலிக்கு வெளியே, கொதிக்கிற தார் ரோட்டில் மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் குடங்கள் வளைந்து வளைந்து நின்றன. பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. இவர் கடைசியில் போய்த் தன் குடத்தை வைத்தார். வைத்துவிட்டு, யாராவது இடத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று அதன் கழுத்தைப் பிடித்தபடியே நின்றார். வழுக்கைத் தலையில் வெயில் இறங்கியது.

எங்கிருந்தோ சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னா சார், கொடம்தான் நிக்குதே. நீ இன்னாத்துக்கு கூட நின்னு காயிற? இங்க வா."

கூப்பிட்டது கன்னியம்மா. நான்காவது கட்டடத்தில் ஏழாம் மாடி. விடியற்காலையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பியவள். அவளும் இன்னும் நாற்பது பேரும் மேல்நிலைத் தொட்டியின் நிழலில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொட்டியும் இருதயராஜ் கட்டியதுதான். அதில் தண்ணீர் ஏறி வருடக்கணக்காகிறது. நிழல் மட்டும் தட்டாமல் தந்துகொண்டிருந்தது.

அவருக்கு ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டார்கள். தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நிழல் நகர நகர எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே நகர்ந்தார்கள். ஒருத்தியின் மகள் கணக்கில் பாஸாகிவிட்டாள். முந்தின நாள் மாடிப்படியில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட இரண்டு பேர் ஒரே முந்தானையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மேல ஏறி கதவ சாத்திக்கினா, மண்டைக்குள்ள என்னமோ சுத்திக்கினே இருக்கு சார். இங்க வந்து நாலு பேரோட குந்துனா நின்னுடுது" என்றாள் கன்னியம்மா.

"பக்கத்துல அவ்வளவு பெரிய பூங்கா இருக்கே. அங்க போய் உட்காரலாமே?"

"எப்ப போறது? வாட்ச்மேன் தொறக்கிற ரெண்டு நேரமும் நான் வேலைல இருப்பேன். நான் சும்மா இருக்க சொல்ல அவன் பூட்டிடுவான்." அவள் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினாள். "முன்னல்லாம் லாரி அந்த மரத்தாண்டதான் நிக்கும். சில்லுனு இருக்கும். புல்லு கெட்டுப்பூடும்னு எவனோ ஒருத்தன் லாரியை ரோட்டுக்குத் தள்ளி, வேலியும் போட்டுட்டான்."

அந்த எவனோ ஒருத்தன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் காற்று வந்தது, பேச்சு தொடர்ந்தது, யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. கண் செருகியது.

"சார், சார். உன் மொற வந்துடுச்சு."

அவர் திடுக்கிட்டு எழுந்தார். குடத்தைத் தேடினார். கடைசியில் வைத்த குடம் லாரிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"நாங்க எங்க கொடத்தத் தள்ள சொல்ல உன்னுதையும் தள்ளிக்கினே வந்தோம். நல்லா தூங்குனியே, எழுப்ப மனசு வரல" என்றாள் கன்னியம்மா.

தண்ணீர் பிடித்த உடனே போய் அவர் குடத்தை டீச்சரின் மேசை மேல் வைத்தார். டீச்சர் ஒரு தம்ளர் மொண்டு குடித்தார்.

"எவ்ளோ நேரம் தூங்கினீங்க?"

"எப்படித் தெரியும்?"

"கன்னத்துல தூணோட தடம் இருக்கு."

"முக்கால் மணி நேரம்."

"மாத்திரை?"

"போடல."

"எங்க?"

"தண்ணி இல்லாத தொட்டிக்கு அடியில."

டீச்சர் அதை அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இருதயராஜ் எழுந்து, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நேராக வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே கெஞ்சினார், சத்தம் போட்டார், முப்பது வருட சர்வீஸை நினைவூட்டினார். தன் வரைபடத்தின் மேல் தானே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். ஒரு வாரத்தில் கதவுகள் கழன்றன, அவற்றோடு பூட்டும் போனது. லாரி நுழையும் அளவுக்கு வேலியைப் பெயர்த்தார்கள். பதினான்கு 'கூடாது'களும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. நீரூற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெஞ்சுகளை ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள். இத்தனையும் முடிந்த கையோடு அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. வெயிலில் போகக் கூடாது என்று மகள் வீட்டிலேயே பிடித்து வைத்துவிட்டாள்.

எட்டாம் மாதத்தின் கடைசி நாள் அதிகாரி பார்வையிட வந்தார். கறுப்புக் கண்ணாடியோடு இருதயராஜும் போய்ச் சேர்ந்தார். அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூங்கா கைவிட்டுப் போய்விடும்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் லாரி நின்றது. புல்வெளி பாதிக்கு மேல் தேய்ந்து மண்ணாகியிருந்தது. கூழாங்கல் பாதையில் மிளகாய் காய்ந்தது. ஒரு பெஞ்சில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கினார், இன்னொன்றில் ரம்மி ஓடியது. நீரூற்றுத் தொட்டியில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் இது? பார்க்கா, சந்தையா?" என்றார் அதிகாரி.

இருதயராஜ் பதில் சொல்வதற்குள் கன்னியம்மா முன்னால் வந்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடியில் அவளுக்கு இவரை அடையாளம் தெரியவில்லை.

"பார்க்குதான். எங்க பார்க்கு. வா, சுத்திக் காட்றேன். அய்ய, பாத்து வெய்யி காலை, அங்க கீரை போட்டிருக்கோம்."

அவள் ராணி மாதிரி முன்னால் நடந்தாள். எந்த மரத்தடி எந்தக் கட்டடத்துக்காரர்களுடையது, யார் எப்போது பெருக்குகிறார்கள், எந்தப் பெஞ்சில் யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்தப் பெஞ்ச், அழ வேண்டியவர்கள் வந்து அழுதுவிட்டுப் போக.

"இதையெல்லாம் யார் செஞ்சது?" என்று கேட்டார் அதிகாரி.

"நாங்கதான். வேற யாரு?"

அதிகாரி சிரித்துவிட்டார். கோப்பில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதின்மூன்றாவது கட்டடம் வராது.

இருதயராஜ் சந்தோஷத்தோடு வாசலுக்குத் திரும்பினார். அங்கே அவர் கால் நின்றுவிட்டது. அவர் பெயர் செதுக்கிய கருங்கல்லைக் காணோம். தேடியபோது லாரிக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ நான்கு செங்கல் அடுக்கி, அதன் மேல் கல்லைப் படுக்கப் போட்டிருந்தார்கள். பெண்கள் வந்து அதன் மேல் குடத்தை வைத்து, மூச்சு வாங்கி, பிறகு இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழிந்த தண்ணீர் 'இருதயராஜ்' என்ற எழுத்துகளுக்குள் தேங்கி நின்றது.

அன்று மாலை அவர் டீச்சர் முன்னால் உட்கார்ந்தார். பூங்கா தப்பியதைச் சொன்னார். கன்னியம்மா சுற்றிக் காட்டியதைச் சொன்னார். சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு. பிறகு குரல் இறங்கியது.

"நாங்கதான் செஞ்சோம்னு சொல்லிட்டாங்க டீச்சர். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

டீச்சர் அவருடைய குறிப்பேட்டைத் திறந்தார்.

"அது போகட்டும். ஆசைஆசையா என் பேரைச் செதுக்கி வெச்சேன். இப்ப அது மேல குடத்தை வைக்கிறாங்க."

"காலிக் குடமா சார்?"

இருதயராஜ் யோசித்தார்.

"இல்ல. நிறைகுடம்."

"எத்தனை பேர் வைக்கிறாங்க?"

"எல்லாரும்தான். அதுல இறக்கி வைக்காம யாராலயும் இடுப்புல ஏத்த முடியாது."

மரகதவல்லி அவருடைய குறிப்பேட்டை மூடி, இனி அது தேவையில்லை என்பதுபோல் அவர் கையிலேயே கொடுத்தார்.

"அதைவிடப் பெரிய இடம் உங்க பேருக்கு நான் எங்க சார் தேடுவேன்?"