பழுப்புக் கடல்

முன்பொரு சமயம், ஒரு துறைமுக ஊரில், குழந்தைகள் வார்டின் வெள்ளைச் சுவரில் கடல் வரைய பெனடிக்டா என்ற ஓவியர் வந்தாள். வந்து ஒரு வாரமாகியும் ஒரு கோடு விழவில்லை.

கடலை எப்படி வேண்டுமானாலும் வரையலாம் என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். தொல்லையே அதுதான். நீலம் தன்னை முதலில் எடுக்கச் சொன்னது. சூரியன் இல்லாமல் கடலா என்று சிவப்பு கேட்டது. மீன்கள் தன் பொறுப்பு என்றது பச்சை. பெனடிக்டா ஒவ்வொரு வண்ண டப்பாவாகத் திறந்தாள், மூடினாள்.

சனிக்கிழமை தலைமை நர்ஸ் மறுபடி வந்தார். திங்கட்கிழமைக்குள் படம் இல்லையென்றால் அங்கே மருந்து அலமாரி மாட்டிவிடுவார்களாம். சுவருக்குக் கலக்கமாகிவிட்டது. ஆணிகளைப் பற்றி அது கேள்விப்பட்டிருந்தது.

பெனடிக்டாவின் பையில் விளையாட்டுக்கு வைத்திருந்த இரண்டு சோழிகள் கிடந்தன. ஏதாவது செய்யுங்கள் என்று சுவர் அவற்றைக் கெஞ்சியது.

"எங்களை டப்பாக்கள் மேல் வீசச் சொல். நாங்கள் விழும் டப்பாக்களுக்கு மட்டும் வேலை. மற்றவை மூடியே இருக்கட்டும்" என்றன சோழிகள்.

சுவர் சொன்னபடி பெனடிக்டா வீசினாள். ஒன்று பழுப்பின் மேல் விழுந்தது, மற்றது மஞ்சளின் மேல்.

இது செல்லாது, திரும்பப் போட வேண்டும் என்றது நீலம். போட்டது போட்டதுதான் என்றுவிட்டாள் பெனடிக்டா.

பழுப்பு தயங்கியது. "அக்கா, என்னை மண்ணுக்கும் மரத்துக்கும்தான் கூப்பிடுவார்கள்."

அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. இரவு வரை சுவருக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தாள். பிறகு, பெருமழை முடிந்து ஆறு வந்து கலக்கும்போது கடல் பழுப்பாகத்தானே இருக்கும் என்று தோன்றியது. அந்த நிறத்தில் படகை வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. அதனால் படகுகளுக்குப் பதிலாக, வார்டில் இருப்பவை போன்ற கட்டில்களை மஞ்சளில் மிதக்கவிட்டாள். ஒரு கட்டிலில் ஆடு உட்கார்ந்து துடுப்புப் போட்டது. இன்னொன்று காலியாக, யாருக்கோ காத்திருந்தது.

திங்கட்கிழமை காலை ரிஸ்வானா என்ற சிறுமியைச் சேர்த்தார்கள். ஊசிக்குப் பயந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சிஸ்டர், என் கட்டில் எது?"

"ஆட்டுக்கு அடுத்தது" என்றார் நர்ஸ்.

அவள் கம்பியை விட்டாள். தானாகவே நடந்து போய், படத்தின் காலிக் கட்டிலுக்கு நேர் கீழே கிடந்த கட்டிலில் ஏறிக்கொண்டாள்.

நீலம் சோழிகளிடம் மெதுவாகக் கேட்டது: "இதையெல்லாம் யோசித்துத்தான் விழுந்தீர்களா?"

"எங்களுக்கு விழ மட்டும்தான் தெரியும்," என்றன சோழிகள். "அதற்கப்புறம் தவித்தது அவள்."