எந்தப் பார்வை படும்?

கீழே அரிசி மண்டி. மாடியில் ஆங்கில வகுப்பு. பாடம் எடுக்கும் ஜெசிந்தாவுக்கு வயது இருபத்திரண்டு. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் அவளை மிஸ் என்பார்கள். அவள் அவர்களை அக்கா என்பாள்.

அன்றைக்கு மூன்று சொற்கள். சீ, லுக், வாட்ச்.

"நமக்கு எல்லாமே பாக்குறதுதான். இவங்களுக்கு மட்டும் எதுக்கு மிஸ் மூணு? கண்ணு என்னவோ ரெண்டுதான?" என்றாள் ரோஸ்லின். வகுப்பு சிரித்தது.

சந்தனமாரி சிரிக்கவில்லை. தோளில் கிடந்த பிள்ளையோடு துள்ளி எழுந்தாள். பிள்ளையின் தலையும் முகமும் துண்டுக்குள் இருந்தன.

"மிஸ், எனக்குப் பிடிபட்டுட்டு! சொல்லட்டா? தெருவுல போற யானை தானா கண்ணுல விழுந்தா சீ. யாரோ கூப்பிட்டு நான் திரும்பினா லுக். அடுப்புல பாலை வச்சிட்டு நகராம நின்னா வாட்ச்!"

"சரியாச் சொன்னீங்கக்கா."

கைதட்டினார்கள். அவள் உட்காரவில்லை.

"அப்போ ஒண்ணு கேக்கணும் மிஸ். கண்ணு படுதுங்கோம்லா, அது இந்த மூணுல எதுல படும்?"

சிரிப்பு நின்றது. அந்த விடை அங்கே எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

"சீயிலயே படும்னா இவனை வெளிய கொண்டுவரவே முடியாது. வாட்ச்லதான் படும்னா தைரியமா பஸ் ஏறுவேன். சொல்லுங்க மிஸ்!"

பிள்ளை பிறந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னா கொழுகொழுன்னு இருக்கான்" என்று சொல்லிப் போனாள். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. அன்று ஏறிய துண்டு இன்னும் இறங்கவில்லை.

ஜெசிந்தா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"இந்த வகுப்புல யாராவது இந்த அக்காவோட பிள்ளையைப் பாத்திருக்கீங்களா?"

"முகத்தைக் காட்டினாத்தான? உள்ள இருக்கிறது பிள்ளையோ, பூசணிக்காயோ" என்றாள் ரோஸ்லின்.

"நீங்கக்கா?"

சந்தனமாரியின் குரல் இறங்கியது.

"தாய்க்கண்ணுதான் ரொம்பப் பொல்லாததும்பாங்க மிஸ். ஆசையாப் பாத்திருவேனோன்னு பயம். பால் குடுக்கையிலயும் சேலையைப் போத்தீருவேன். ஓரக்கண்ணால பாக்கிறதோட சரி."

"இப்போ என்ன செய்றான்?"

"தூங்குறான்."

"எப்படித் தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். தோளில் இருந்த பாரம் அசையவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு நேரமாக?

"இன்பா!"

பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இறக்கித் துண்டை உருவி எறிந்தாள்.

பிள்ளை விழித்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. மும்முரமாகத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தவன், பிடுங்கிய கோபத்தில் வாயைப் பிளந்தான். கீழ் ஈறில் அரிசிக் குருணைபோல ஒரு வெள்ளை.

"பல்லு! மிஸ், பல்லு! ஐயோ, எப்போ முளைச்சுது? எனக்குத் தெரியவே தெரியாதே!"

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. "எங்க, எங்க?" என்று அத்தனை பேரும் வந்து குனிந்தார்கள். ரோஸ்லின், "அடி ஆத்தீ, பூசணிக்காய்க்குப் பல்லு வந்துட்டே!" என்று கத்தினாள்.

சந்தனமாரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சுற்றி நின்ற கண்கள் தெரிந்தன. கை துண்டைத் தேடிப் பிடித்தது. துண்டின் மறுமுனை ஜெசிந்தாவின் கையில் இருந்தது. அவள் விடவில்லை.

"மிஸ், எல்லாரும் பாக்காங்க. நானும் பாத்துட்டேன். எது படும்னு நீங்க இன்னும் சொல்லலையே!"

பிள்ளை யாரையும் கண்டுகொள்ளவில்லை. அம்மாவின் முகத்திலேயே இமை கொட்டாமல் நிலைத்திருந்தான்.

ஜெசிந்தா சொன்னாள்: "பிறந்ததுல இருந்து இவன் உங்களை இப்படித்தான் பாக்கான். அவன் கண்ணு பட்டு உங்களுக்கு என்னக்கா ஆச்சு?"