ஓரெழுத்தில் ஒரு வழக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடென்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா கிடாய்ச் சண்டை பார்க்கப் போனார். போனவர் சும்மா இருந்தாரா? தம் கிடாய் தோற்கிறதே என்ற ஆத்திரத்தில், அதற்குப் பதிலாகத் தாமே முட்டப் போகிறவர்போலக் கத்தித் தீர்த்தார். விடிந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

அரண்மனை வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "பௌர்ணமி வரையில் மகாராஜா ஓரெழுத்துச் சொற்களை மட்டுமே பேசலாம். மீறினால் குரல் போனது போனதுதான்" என்றார்.

வா, போ, தா, சீ. இவற்றை வைத்துக்கொண்டு ராஜ்யத்தை ஆண்டுவிடலாம். அதற்கு முன்பும் அவர் அதிகமாக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் தாம் வாயைக் கட்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் வளவளவென்று பேசுவது அவருக்குப் பொறுக்கவில்லை. முகத்தைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டார் பிரதானி செங்கோடர்.

"மன்னர் பிரானே, சபைக்குள் எந்த மனிதரும் ஓரெழுத்துச் சொல் தவிர வேறு பேசலாகாது, பேசியவரைப் பதவி பறித்துக் கோட்டைக்கு வெளியே அனுப்புக என்று ஆணையிடலாமே" என்றார் பணிவோடு.

"ஓ!" என்று தலையாட்டினார் ராஜா.

இந்த ஆணை யாருக்கு வைத்த கண்ணி என்பது விகடகவி உலகளந்தானுக்கு உடனே விளங்கிவிட்டது. பெயர்தான் உலகளந்தான். ஆள் குள்ளம், அரண்மனைப் படிக்கட்டை அளப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கும். பேசிப் பேசியே பிழைத்தவர். ராஜா அவர் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் பிரதானி பல்லைக் கடிப்பார்.

"கத்தி இல்லாமலே என் கழுத்தை அறுத்துவிட்டாரே" என்று உலகளந்தான் வீட்டில் புலம்பினார்.

"இந்தச் சட்டத்தை நம்ம வீட்டுக்கும் போட்டா நல்லாயிருக்கும்" என்றாள் அவர் மனைவி.

மறுநாள் அரண்மனை வாசலில் ஒரு பெண் கன்றுக்குட்டியோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். பால் விற்றுப் பிழைக்கும் பேச்சி.

"ஐயா, என் பசுவைப் பிரதானி வீட்டு ஆளுங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. கேட்டா, அப்படி ஒரு மாடே இங்க இல்லைங்கிறாங்க. கன்னு நேத்திலேருந்து பாலில்லாமத் துவண்டு கெடக்கு. ராஜாகிட்ட முறையிடலாம்னா, உள்ள போய் வாயத் தொறக்கக் கூடாதாமே?"

"நீ வா, நான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டார் உலகளந்தான். சொன்ன மறுகணமே ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கு வீரமெல்லாம் வாசலோடு சரி.

சபையில் ஊமைக்கூத்துப் போலிருந்தது. சேனாபதி எல்லைக்குப் படை போய்விட்டது என்று சொல்ல நினைத்து, "போ" என்றார். ராஜா தம்மைத்தான் போகச் சொல்கிறார் என்று நினைத்து முறைத்தார். பேச்சி ஓர் ஓரமாக நின்றாள். காவலர் மிரட்டியிருந்ததால் கன்றின் வாயையும் கையால் பொத்தியிருந்தாள். கண்ணீர் மட்டும் சட்டத்துக்கு அடங்காமல் வழிந்தது.

ராஜா அவளைப் பார்த்தார். "வா" என்றார்.

அவள் உலகளந்தானைப் பார்த்தாள். உலகளந்தானுக்கோ மனத்தில் வந்த சொல்லெல்லாம் நீளநீளமாகவே வந்தது. அப்படியே தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிடலாமா என்று பார்த்தார். அரண்மனைத் தூணும் அவரை மறைக்கும் அளவுக்குப் பருமனாக இல்லை. அந்த நேரத்தில், பக்கத்தில் நின்ற பிரதானி தம் மரப் பாதக்குறட்டால் அவருடைய கால் கட்டைவிரலை ஒரே மிதியாக மிதித்தார். 'ஐயோ' என்று அலறுவான், அலறினால் ஆள் கோட்டைக்கு வெளியே என்பது கணக்கு.

"ஆ!" என்று அலறினார் உலகளந்தான்.

சபை திடுக்கிட்டது. வலியில் கண்ணில் நீர் முட்டிய பிறகுதான் உலகளந்தானுக்குத் தாம் சொன்னது என்னவென்று உறைத்தது. ஆ என்றால் பசு! இத்தனை நேரம் மூளையைக் கசக்கியும் வராத சொல் கட்டைவிரலிலிருந்து வந்துவிட்டதே! சட்டென்று கன்றைக் காட்டினார், பேச்சியைக் காட்டினார்.

"கோ! கா! ஆ தா!"

அரசே, காப்பாற்று, பசுவைக் கொடு. ஓரத்திலிருந்த தமிழ்ப் பண்டிதர் மகிழ்ச்சி தாங்காமல் தொடையில் தட்டினார். உலகளந்தானின் விரல் பிரதானிப் பக்கம் திரும்பியதும் ராஜாவும் திரும்பினார். "ஆ?"

"சீ!" என்று பிரதானி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பசுவாவது, என்னிடமாவது!

உலகளந்தான் யோசித்தார். ஆணையில் 'எந்த மனிதரும்' என்றுதானே இருக்கிறது? கன்று மனிதரா? மெல்லக் குனிந்து, கன்றின் வாயிலிருந்து பேச்சியின் கையை எடுத்துவிட்டார்.

"அம்மா!" என்று கன்று முழு மூன்றெழுத்தில் கத்தியது.

பிரதானியின் முகம் மலர்ந்தது. காவலரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்கவில்லை, மதிலுக்கு அப்புறம் அவருடைய தொழுவத்திலிருந்து பதில் வந்தது.

"அம்மா...!"

கன்று துள்ளியது. மறுபடி கத்தியது. மறுபடியும் பதில். ராஜா ஆசனத்திலிருந்து எழுந்துவிட்டார். பிரதானி பதறிப்போய் முன்னால் ஓடிவந்தார்.

"அது என் மாடு மகாராஜா! என் பாட்டனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் நிற்கும் மாடு!"

தம் வாயிலிருந்து வந்தது எத்தனை எழுத்து என்று பிரதானிக்கு அப்போதுதான் புரிந்தது. ராஜா விரல்விட்டு எண்ணத் தொடங்கி, விரல் போதாமல் விட்டுவிட்டார். அதோடு, பாட்டனார் காலத்து மாட்டுக்குப் பால்குடிக் கன்றா என்பதும் அவருக்கு எட்டியது. வாசலைக் காட்டினார்.

"போ."

பசுவை அவிழ்த்து வந்தார்கள். கன்று ஓடிப்போய் மடியில் முட்டியது. பேச்சி ராஜாவை விழுந்து கும்பிட்டாள். ராஜா சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு உலகளந்தானைக் காட்டி, பொக்கிஷக்காரரிடம் ஒரே சொல்லில் பரிசை அறிவித்தார்.

"மா!"

பொக்கிஷக்காரர் விழித்தார். மா என்றால் குதிரை. மா என்றால் மாமரம். மா என்றால் அரைத்த மாவு. நிலத்தை அளப்பதும் மாக் கணக்கில்தான். எது என்று கேட்கவும் வழியில்லை. தப்பாகக் கொடுத்தால் பிரதானியின் கதிதான். எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்: கோட்டைக்கு வெளியே ஒரு மா நன்செய், அதன் வரப்பில் நின்ற மாமரம், ஒரு மூட்டை அரிசிமா, எல்லாவற்றையும் சுமந்துபோக ஒரு குதிரை.

உலகளந்தான் ஆயுளில் குதிரை ஏறியதில்லை. ராஜாவும் சபையும் உப்பரிகையிலிருந்து பார்க்கிறார்களே என்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரல் வலியோடு ஏறினார். குதிரை நேராக நிலத்துக்கே ஓடிற்று. மாங்கிளை தலையில் இடித்தது. குதிரையிலிருந்து மாவும் அவருமாகச் சேற்றில் விழுந்தார்கள்.

பசுவை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்த பேச்சி பதறிப்போனாள். "ஐயய்யோ! எழுந்திரிங்க ஐயா, அடி பட்டுருச்சா?"

முகமெல்லாம் வெள்ளை, முதுகெல்லாம் சேறு. உலகளந்தான் எழுந்து உட்கார்ந்தார். "பண்டிதர் 'மா'வுக்கு மிருகம் என்றும் ஒரு பொருள் சொல்வார், பேச்சி. அதை மட்டும் பொக்கிஷக்காரர் கொடுக்கவில்லையே என்று குறையாக இருந்தது. ஏறத் தெரியாமல் குதிரை ஏறினேன் பார், அந்த மிருகம் நானேதான், குறையும் தீர்ந்தது!"

காற்றோடு இந்தப் பேச்சு உப்பரிகைக்கும் போயிற்று. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வைத்தியர் தலையிலடித்துக்கொள்ள, தொண்டை திறந்து கோட்டை அதிரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, "கொண்டுபோய் அந்தச் சேற்றுக் கழுத்தில் போடுங்கள்!" என்றார், முழு வாக்கியமாகவே.